ஆஸ்பத்திரி வண்டியும் நான் எழுதிய ஒரு வரியும்

1

நம் ஊர் வாசகசாலை ஆண்டுமலரில் ‘வெளிநாட்டுக் கடிதங்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதுவார், மெல்பர்னிலிருந்து ஒருவர் எழுதுவார், திருவனந்தபுரத்திலிருந்து நான் எழுதுவேன். அவர்கள் இருவரும் விமானம் ஏறிப் போனவர்கள். நான் பேருந்து ஏறி வந்தவன். நாகர்கோவில், மார்த்தாண்டம், பாறசாலை என்று மூன்று ஊர் தாண்டினால் முடிந்துபோகிற பயணம் இது. முதல் வருடம் மலர் வந்தபோது ஊரில் கொஞ்சம் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஆனாலும் என்னை அந்தப் பகுதியில் சேர்த்ததில் தப்பில்லை. ஐம்பத்தாறு வருடமாக இங்கே இருக்கிறேன். என் ரேஷன் அட்டை மலையாளம். ஓய்வூதியப் புத்தகம் மலையாளம். என் மகள் ரேணுகா என்னோடு பேசுவது பாதித் தமிழ், கோபப்படுவது முழு மலையாளம். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. கரமனையில் எங்கள் வீட்டுக்கு வரும் இந்த ஆண்டுமலரை எடுத்து, என் போட்டோ வந்திருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பாள்.

இத்தனை வருடமும் வேடிக்கையாக எழுதி வந்தேன். சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போய் நான் பட்ட பாடு, ஊருக்கு வந்து கல்யாண வீட்டில் ‘பரவாயில்லை’ என்பதற்கு மலையாள வழக்கில் ‘சாரமில்லை’ என்று சொல்லி எல்லோரையும் விழிக்க வைத்தது, இப்படி. இந்த வருடம் அப்படி எழுத வரவில்லை.

நம் ஊரிலிருந்து நேராகத் திருவனந்தபுரத்துக்கு ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, தம்பானூர் பேருந்து நிலையத்தில் நிற்காமல் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி வாசல்வரை போகும். மதியம் இரண்டரைக்கு அங்கிருந்து திரும்பும். ஆஸ்பத்திரி வண்டி என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு ஒருநாள் அதன் நெற்றியில் நாகர்கோவில் என்று மட்டும் போர்டு இருந்தது. டிப்போவில் போய்க் கேட்டதற்கு, பெர்மிட் முடிந்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

சென்ற பங்குனியில் என் தங்கை பகவதியின் மகன் நீலகண்டன் வந்தான். உங்களுக்கு அவனைச் சொல்ல வேண்டியதில்லை. கடைத்தெருவில் கணினி வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறவன், இந்த மலரை எழுத்துக்கோத்து அச்சுக்கு அனுப்புகிறவன். ஐம்பது வயது ஆகிவிட்டது. மூன்று வண்டி மாறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்து நீட்டினான். இரண்டு அரசுகளும் புதிதாகப் போக்குவரத்து ஒப்பந்தம் செய்துகொள்ளப் போகின்றன. எந்தெந்தத் தடத்தில் எத்தனை வண்டி என்ற வரைவு இது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்று பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. கூடவே நான்கு தாள் நிறையக் கையெழுத்து. அதில் உங்களில் பல பேருடைய கையெழுத்தும் இருந்தது.

“நம்ம வண்டிய இதுல சேக்கச் சொல்லி எழுதணும் மாமா. நான் எழுதுனா கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். நீங்கதான் அந்தச் சட்டசபை ஆபீசுலயே இருந்த ஆளுல்லா. எந்த எடத்துல தட்டுனா தெறக்கும்னு உங்களுக்குல்லா தெரியும்” என்றான்.

சரி என்றேன். உட்கார்ந்து ஒரு மனு எழுதினேன். படித்துப் பார்த்தவன் சிரித்தான். “மாமா, இது தமிழுமில்ல மலையாளமுமில்ல. ‘விஷமத்தை மனசிலாக்கி’ன்னு போட்டிருக்கிய. நம்ம ஆளுக படிச்சா யாரு வெஷம் வச்சான்னு கேப்பானுவ” என்றான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ‘கஷ்டத்தைப் புரிந்துகொண்டு’ என்று திருத்தினேன். வெகுநாள் கழித்து இந்த வீட்டில் இரண்டு பேர் தமிழில் சிரித்தோம். ரேணுகா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இந்த மனுவை எழுத எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பது நீலகண்டனுக்குத் தெரியாது.

3

என் வேலை என்ன என்று ஊரில் யாரும் சரியாகக் கேட்டதில்லை. ‘செக்ரட்டேரியட்டில் பெரிய உத்தியோகம்’ என்று என் அப்பா சொல்லி வைத்ததே போதுமானதாக இருந்தது. நான் இருந்தது மக்கள் பிரதிநிதிகள் கூடுகிற சபையின் அலுவலகத்தில். அங்கே ஒரு குழுவுக்கான பிரிவில் செக்‌ஷன் ஆபீசர்.

அரசாங்கம் செய்கிற பல காரியங்களுக்குச் சபையின் சம்மதம் முன்கூட்டி வேண்டியதில்லை. இன்னொரு அரசாங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போடுவதும் அப்படித்தான். இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தக் காகிதம் சபைக்கு வரும். அமைச்சர் பாதி எழுந்து ‘மேசப்புறத்து வைக்குன்னு’ என்பார். மேசையில் வைத்தாயிற்று என்று அர்த்தம். சில நாள் இரண்டு காகிதம் வைப்பார்கள். கூட்டத்தொடரின் கடைசி நாள் என்றால் நாற்பது வைப்பார்கள். உறுப்பினர்கள் ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற நேரம் அது.

இந்தக் காகிதங்களை யாராவது படிக்க வேண்டும் அல்லவா? அதற்காக உறுப்பினர்கள் சிலரைக் கொண்ட ஒரு குழு. அவர்களுக்கும் படிக்க நேரம் இல்லை. அதனால் ஒவ்வொரு காகிதத்தையும் நான் படித்து, அரைப் பக்கத்தில் கையால் ஒரு குறிப்பு எழுதி மேலே ஒட்டி வைப்பேன். குழு அந்தக் குறிப்பைப் பார்க்கும். குறிப்பின் கடைசி வரியைப் பார்க்கும் என்று சொல்வதுதான் சரி. ‘குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது எதுவும் இல்லை’ என்பது அந்த வரி. அது இருந்தால் தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு அடுத்ததை எடுப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது காகிதத்தில் அந்த வரி உண்மையாகவே இருக்கும். அதனால் எழுதி எழுதிக் கை பழகிவிடும். காகிதத்தைப் படிக்கத் தொடங்கும்போதே கடைசி வரி மனதில் தயாராக நிற்கும்.

குழுவால் ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. ஆனால் கேட்க முடியும். ‘இது ஏன் இப்படி?’ என்று ஒரு கடிதம் போனால் இலாகா பதில் சொல்லியாக வேண்டும். அப்படி ஒருமுறை நடந்து நான் பார்த்திருக்கிறேன். மரம் ஏற்றும் லாரிகளைப் பற்றிய வேறொரு ஒப்பந்தம். பக்கத்து மேசைக்காரர் ஒரு சோதனைச் சாவடியின் பெயர் விட்டுப்போயிருப்பதைக் குறிப்பில் எழுதினார். தலைவர் கேட்டார். இலாகாவிலிருந்து ஓடிவந்தார்கள். ஒரு மாதத்தில் திருத்தம் வந்தது. ஒரே ஒரு வரியால் வந்தது. அதனால், ‘எழுதியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது’ என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

4

அந்தப் போக்குவரத்து ஒப்பந்தம் கடைசி நாள் கட்டில்தான் வந்தது. முதலில் நான்கு பக்கம் வாசகம். அவர்கள் வண்டி நம் எல்லைக்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ, அத்தனை கிலோமீட்டர் நம் வண்டி அவர்கள் எல்லைக்குள் ஓடலாம் என்பது சாரம். (இதை எழுதும்போது ‘நம்’ என்பது யார், ‘அவர்கள்’ என்பது யார் என்று எனக்கு இன்றும் குழம்புகிறது.) பின்னால் தடங்களின் பட்டியல்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு பேப்பரில் வந்தால் நம் எண்ணை மட்டும் விரல் வைத்துத் தேடுவோமே, அப்படி நம் ஊர்த் தடத்தைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். அதில் இருந்தது, இதில் இல்லை. கிலோமீட்டர் கணக்குச் சமமாக வருவதற்காக நடுவிலிருந்து ஒரு தடத்தை உருவியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிவரை போகிற அந்தத் தூரம் அவர்கள் கணக்குக்கு இடித்திருக்கிறது. பெர்மிட் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. கேட்பதற்கு நேரம் இருந்தது.

அந்த வண்டியில் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பகவதி வந்துகொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும்.

குழு கூடிய நாள் தலைவர் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். இந்த ஒப்பந்தத்தில் கை நின்றது. நல்ல மனிதர் அவர். மலைப்பக்கத்துத் தொகுதி. ஒரு வண்டி நின்றுபோனால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று அறிந்தவர். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, “வேலாயுதா, இதில் நோக்கான் வல்லதும் உண்டோ?” என்று கேட்டார். பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று.

“ஒன்னும் இல்ல சார்” என்றேன்.

பச்சை மையில் கையெழுத்து விழுந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை எனக்கு நானே விளக்கம் கொடுத்திருக்கிறேன். பயம் என்பது பாதி. அதற்கு ஒரு வருடம் முன்பு, தமிழ்நாடு சம்பந்தப்பட்ட ஒரு காகிதத்தில் நான் ஒரு பிழையைக் காட்டியிருந்தேன். மறுநாள் கேன்டீனில் ஒருவர், எல்லோருக்கும் கேட்கும்படி, “அண்ணாச்சிக்கு சோறு இவிடே, கூறு அவிடே” என்றார். சோறு இங்கே, விசுவாசம் அங்கே என்று. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் பின்னாளில் என் மகளின் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவர். ஆனால் அந்த வார்த்தை என் சட்டைப் பையிலேயே கிடந்தது. இப்போது, என் சொந்த ஊர் வண்டி, என் சொந்தத் தங்கை வருகிற வண்டி. அதைக் குறிப்பில் எழுதினால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன்.

மற்றப் பாதி பதவி. அண்டர் செக்ரட்டரி பட்டியல் வர இருந்தது. என் பெயர் மூன்றாவதாக இருந்தது. மூன்று இடம் இருந்தது.

வந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஒன்றரை வருடம் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

5

பகவதிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. வாரம் இருமுறை ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த நாளில் அவளைப் போன்றவர்கள் அதற்குப் போகக்கூடிய இடம் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான். புருஷன் இல்லை. நீலகண்டன் அப்போது திருப்பூரில் வேலையில் இருந்தான்.

அந்த வண்டியில் ஒரு வழக்கம் இருந்தது, உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை தலை இறங்குகிறது என்று கண்டக்டர் எண்ணி வைத்துக்கொள்வார். மதியம் அத்தனை தலையும் ஏறினால்தான் விசில். ஒரு வெள்ளிக்கிழமை நான் காப்பி வாங்கிக்கொண்டு போய் அவளோடு நின்றபோது பார்த்தேன். இரண்டே முக்கால் ஆகியும் வண்டி நிற்கிறது. கண்டக்டர் படியில் நின்று கூவுகிறார்: “கண்ணு ஆப்பரேசன் ரெண்டு வந்தாச்சு, காலு கட்டு வந்தாச்சு, பகவதியக்கா ரெத்தம் கழுவி வந்தாச்சு. சுசீந்திரத்து சுகர் எங்கவே?” உள்ளே எல்லோரும் சிரிக்கிறார்கள். பகவதியும் சிரிக்கிறாள். முகம் வெளுத்து, கையில் கட்டோடு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

திருவனந்தபுரத்திலேயே வீடு வைத்திருக்கிற அண்ணன், அவளை ஏன் கூட வைத்துக்கொள்ளவில்லை? நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அழைத்தேன். ஒரே ஒருமுறை, அந்த வண்டி புறப்படுகிற நேரமாகப் பார்த்து அழைத்தேன். வர மாட்டாள் என்று தெரிந்து அழைத்தேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைதான், ரேணுகா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், என் மனைவிக்கு நோய் என்றால் பயம். இதெல்லாம் காரணம்தான். ஆனால் காரணங்களை அவளிடம் சொல்லாமல், குரலில் மட்டும் வைத்துக்கொண்டு அழைத்தேன்.

“வண்டி வாசல்லயே கொண்டு விடுதுல்லா அண்ணே. பொறவு எதுக்கு உங்க வீட்டுல வந்து கெடக்கணும்?” என்றாள்.

வண்டி நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் மறுபடி அழைக்கவில்லை. அழைத்தால் ஏன் நின்றது என்ற பேச்சு வரும். ஊரிலிருந்து நாகர்கோவில், நாகர்கோவிலிலிருந்து தம்பானூர், தம்பானூரிலிருந்து ஆஸ்பத்திரி என்று மூன்று வண்டி மாறி வந்தாள். திரும்பும்போது தலை சுற்றும். அவள் தலையை எண்ணுவதற்கு எந்தக் கண்டக்டரும் இல்லை. ஒருநாள் தம்பானூரில் நடைமேடையில் படுத்துவிட்டாள் என்று யாரோ பார்த்து எனக்குப் போன் செய்தார்கள். நான் போவதற்குள் எழுந்து, வண்டி ஏறிப் போய்விட்டாள். வாரம் இருமுறை வந்தவள் ஒருமுறை ஆக்கினாள். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் வரவில்லை.

அவ்வளவுதான்.

எப்படியும் அதிக நாள் இருந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். அந்த வாக்கியத்தைக் கொஞ்ச நாள் கையில் வைத்திருந்தேன். பிறகு அதுவும் நிற்கவில்லை. அந்த வண்டியில் வந்தவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. கண் ஆப்பரேஷன், கால் கட்டு, சுசீந்திரத்து சுகர். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவே இல்லை.

6

மனு எழுதி முடித்த அன்று நீலகண்டன் பையிலிருந்து இன்னொரு தாளையும் எடுத்தான்.

“இத மறந்துட்டேன் பாத்தியளா. பழைய ஒப்பந்தத்துல நம்ம வண்டி எப்படிப் போச்சுன்னு தகவல் உரிமைல எழுதிக் கேட்டிருந்தேன். ஒரு கட்டு அனுப்பியிருக்காங்க. மத்ததெல்லாம் இங்கிலீஷ், படிச்சிட்டேன். இது ஒண்ணுதான் மலையாளம். போனக் காட்டுனா தப்புத் தப்பாச் சொல்லுது, கையெழுத்துல்லா. என்னன்னு வாசிச்சுச் சொல்லுங்கோ.”

அரைப் பக்கக் குறிப்பு. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து. அப்போது கை நடுங்காது. எழுத்து அழகாக இருந்தது. நான்கு வரியில் ஒப்பந்தத்தின் சாரம். ஐந்தாவது வரி அந்தக் கடைசி வரி. அதன் கீழே என் ஒப்பம், அதன் கீழே மலையாளத்தில் என் பெயரும் பதவியும். ஓரத்தில் தலைவரின் கையெழுத்து. நகலில் பச்சை கறுப்பாகிவிட்டிருந்தது.

அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவன் அம்மாவின் கண்.

“வழக்கமான ஆபீஸ் குறிப்பு மக்கா. ஒண்ணுமில்ல” என்றேன்.

இருபத்தைந்து வருடம் கழித்து, அதே வார்த்தை. யோசிக்கவே இல்லை. அவன் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தான். ரேணுகா தோசை வைத்தாள், சாப்பிட்டான். வாசல்வரை வந்தேன். ஆட்டோவில் ஏறும்போது, “நீங்க இருக்கிய, அந்தத் தைரியம்தான் மாமா” என்றான்.

பிறகு உண்மையைச் சொல்லிவிட மூன்று முறை போன் எடுத்தேன். ஒருமுறை அவனே எடுத்துப் பேசினான். நான் மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

ரேணுகாவிடம் சொன்னேன். முழுவதும் சொன்னேன், மலரில் எழுதப்போவதையும் சொன்னேன். அவள் அத்தையைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பது, எப்போதும் முறுக்குக் கொண்டு வருவாள் என்பது மட்டும். முழுவதும் கேட்டாள். பிறகு, “அதொக்கெ கழிஞ்ஞ காரியமல்லே அப்பா. இனி அது எழுதிட்டு எந்தா?” என்றாள். எல்லாம் முடிந்துபோனதுதானே, இனி எழுதி என்ன என்று. கோபத்தில் சொல்லவில்லை. என் ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அவளிடம் சொன்னது சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவள் இழந்தது ஒன்றும் இல்லை.

7

மனுவுக்கு ‘கிடைக்கப்பெற்றது’ என்று பதில் வந்ததை நீலகண்டன் உங்களுக்குச் சொல்லியிருப்பான். ஆடியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பட்டியலில் நம் தடம் இல்லை. உங்கள் கருத்து பரிசீலிக்கப்பட்டது என்று ஒரு வரிக் கடிதம். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று. இனிமேல் அந்தக் காகிதம் சபைக்கு வரும், குழுவுக்குப் போகும், யாரோ ஒருவர் குறிப்பு எழுதுவார் என்று நினைத்து, என் பழைய அலுவலகத்துக்குப் போனேன். வெயில். நுழைவுச் சீட்டு வாங்க முக்கால் மணி நேரம். என் பிரிவில் இப்போது சின்ன வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். எழுந்து நின்று நாற்காலி போட்டாள், சாயா வரவழைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றியதைத் தவிர எல்லாவற்றையும். அவள் நம் தடத்தின் பெயரை ஒரு சின்ன மஞ்சள் காகிதத்தில் எழுதிக் கணினி ஓரத்தில் ஒட்டினாள். “நோக்காம் சாரே” என்றாள். பார்க்கலாம் என்று. அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒட்டிய மஞ்சள் காகிதங்கள் நிறைய இருந்தன. சில நிறம் வெளுத்திருந்தன.

முப்பது வருடம் நான் வந்தவர்களிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை அது. எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று எனக்குத் தெரியும். அவள்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. அவளிடம் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அந்த வரியை எழுதினால் என்ன ஆகும் என்று சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த மஞ்சள் காகிதம் கீழே விழாமல் இருந்திருக்கும். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கூட்டத்தொடரின் கடைசி நாள். டிவியில் நேரடியாகக் காட்டினார்கள். அமைச்சர் பாதி எழுந்தார். பட்டியல் எண்களை மட்டும் சொன்னார். ‘மேசப்புறத்து வைக்குன்னு’ என்றார். உட்கார்ந்தார். நான் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவதற்குள் அடுத்தவர் எழுந்துவிட்டார்.

8

நீலகண்டா, எழுத்துக்கோக்க இதை முதலில் படிக்கப்போகிறவன் நீதான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததால் இந்த வழியில் வருகிறேன். இது கோழைத்தனம் என்று எனக்குத் தெரிகிறது. வேறு வழியில் நான் வரமாட்டேன் என்பதும் இந்த ஐந்து மாதத்தில் தெரிந்துவிட்டது.

உன் பையில் அந்த மலையாளத் தாள் இருக்கும். எடுத்துப் பார். என்னை நம்ப வேண்டாம். மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கம் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள், யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல். கீழே இருந்து இரண்டாவது வரியில் என் பெயர் இருக்கும். அதற்கு மேலே என் ஒப்பம், ஒப்பத்துக்கு மேலே உள்ள வரிக்கு அர்த்தம், ‘குழுவின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியது எதுவும் இல்லை’ என்பது. உன் அம்மா அந்த வாரம் செவ்வாயும் வந்தாள், வெள்ளியும் வந்தாள். வெள்ளிக்கிழமை நான் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, திரும்பி ஆபீசுக்குப் போய், அந்த வரியை எழுதினேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. பதில் எழுதவும் வேண்டாம். ஐப்பசியில் அவள் திதிக்கு நான் வரவேண்டுமா வேண்டாமா என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு. வரச்சொன்னால் மூன்று வண்டி மாறி வருவேன்.

இடம் போதவில்லை என்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள். காய்கறிக் கடையை வெட்டு, சுழல் நாற்காலியை வெட்டு. என் போட்டோவும் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாமல், என் பெயரோடு சேர்த்து அச்சிடு.